கடைசியில் பேர் கூப்பிடுகிறவர்

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சு நடத்தியவர் குள்ளமான, ஒல்லியான பெண்மணி. புடவைக்குக் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். எல்லோருக்கும் அவர் 'மதாம்'. அட்டெண்டன்ஸைப் பாடம் முடிந்த பிறகுதான் எடுப்பார். நானோ மணி அடித்ததும் கதவைச் சாத்திவிட்டுப் பேர் கூப்பிடுகிற கணக்கு வாத்தியார். மட்டம் போடுகிறவர்களைப் பிடிக்கும் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் பள்ளியின் குருசுக்குப்பம் பக்கத்துச் சுவரில் ஏறிய ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைப் பிடித்தேன். அவள் வெளியே குதிக்கவில்லை, உள்ளே குதித்தாள்.

"விடுங்க சார், மதாம் கிளாஸ் முடிஞ்சிடும். காலையில உங்க கிளாஸுக்குத்தான் வரல."

அந்த வகுப்பு முடிந்ததும் நேரே ஸ்டாஃப் ரூமில் மதாமிடம் போய் நின்றேன்.

"கடைசியில பேர் கூப்பிட்டா இஷ்டத்துக்குத்தான் வருவாங்க மதாம்."

"வரட்டுமே சார். மொதல்லயே ஆப்சென்ட் போட்டுட்டா, அப்புறம் எதுக்கு வரப் போறாங்க? அப்படியே பீச்சுக்குப் போயிடுவாங்க."

இவ்வளவுதானா என்று மறுநாள் நானும் கடைசியில் எடுத்தேன். போர்டில் கணக்கை முடித்துவிட்டுத் திரும்பினால், நிறைந்திருந்த பின்பெஞ்சு காலி.

அடுத்த அறையில் மதாம் அட்டெண்டன்ஸை முடித்துக்கொண்டிருந்தார்.

"யார் பேராவது விட்டுப்போச்சா?"

"எங்க பேரு மதாம்!" என்று மூன்று குரல்கள் கத்தின.

மூன்றும் என் பின்பெஞ்சுக் குரல்கள். என் வகுப்பில் அவை ஒரு நாளும் அவ்வளவு சத்தமாக 'உள்ளேன் ஐயா' சொன்னதில்லை.