பத்திரிகையில் வாங்கிய பட்டம்

பட்டதாரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். தொழிற்பேட்டையில் வாட்ச்மேன் வேலைக்குக்கூட 'ஏதாவது ஒரு டிகிரி' என்று எழுதி ஒட்டுகிறார்கள். கேட்டைத் திறந்து மூட எந்தப் பாடம் உதவும் என்று அவர்கள் சொல்வதில்லை.

பி.காம். இரண்டாம் வருடத்தில் கல்லூரியை விட்டேன். ஓசூர், திருப்பூர் என்று லாரியோடு சுற்றினேன். திரும்பி வந்தபோது அக்காவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. என் பெயருக்குப் பின்னால் பி.காம். போட்டிருந்தார் அப்பா.

"மாப்ள ஊட்டுக்காரங்க பாப்பாங்கடா. போட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

சோம்பலில் நானும் விட்டுவிட்டேன்.

போன வருடம் தங்கைக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கட்டணச் சலுகை உண்டு. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. சலுகை இல்லாமல் அவளைச் சேர்க்க எங்களால் முடியாது. விசாரிக்க மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவுக்கே வந்தார் கிராம நிர்வாக அலுவலர். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர், எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, முந்திக்கொண்டார்.

"நல்ல படிச்ச குடும்பம் சார். அண்ணாத்தே பி.காம்மு. பத்திரிககூட எங்கூட்ல கீது." பீரோவிலிருந்து எடுத்தே வந்துவிட்டார்.

அதைப் படித்த அலுவலர் விண்ணப்பத்தைத் தங்கையிடம் நீட்டினார். "அண்ணன் பட்டதாரின்னா நீ எப்படிம்மா முதல் பட்டதாரி?"

தங்கை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

கல்லூரியில் சேர நான்கு நாள்தான் இருந்தது. நான் படித்த கல்லூரியில் இரண்டு நாள் கால்கடுக்க நின்று, படிப்பை இடையில் நிறுத்தியவன் என்று முத்திரையோடு எழுதி வாங்கினேன். அதைக் கொடுத்தவர் சிரித்தார். "பாஸ் பண்ணவன்கூட இவ்ளோ அவசரமா வந்து நின்னதில்லப்பா."

அது போதாதாம். பத்திரிகையில் போட்டது பொய் என்று அப்பாவும் எழுதித்தர வேண்டுமாம். அலுவலக வாசலில் அப்பா பேனாவைத் தொடவே இல்லை.

"ஊரே பாத்த பத்திரிகடா. நானே பொய்னு எழுதிக் குடுக்கணுமா?"

"எழுது நைனா. இல்லன்னா உம் பொண்ணும் கம்பெனில பொட்டி ஒட்டத்தான் போவணும். அப்போ அவ பேருக்குப் பின்னாடி இன்னா போடுவே?"

'என் மகன் பட்டதாரி அல்ல' என்று எழுதினார். 'அல்ல' என்ற இடத்தில் பேனா தாளைக் கிழித்தது.

சான்றிதழ் வந்தது. தங்கை சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. நான் படிப்பை விட்டபோதுகூட ஒரு வாரத்தில் பேசிவிட்டார்.