நான்காவது ராடின் எடை

பொய் எழுதினேன். கை தவறி அல்ல. தராசில் ஓர் எண்ணைப் பார்த்து, தெரிந்தே வேறோர் எண்ணை எழுதினேன். அதனால் கருப்பசாமி என்கிற நல்ல மெக்கானிக்கின் பெயர் கெட்டது.

காரியாபட்டியில் விவசாயம் பார்க்கும் என் அத்தானின் பழைய கார் அது. எஞ்சினுக்கு பிளாக் ஒரு வண்டியிலிருந்து, கிராங்க் இன்னொன்றிலிருந்து, மற்றவை மதுரைப் பழைய இரும்புக் கடைகளிலிருந்து. விருதுநகரில் கருப்பசாமியின் பட்டறையில் வைத்துக் கட்டினோம். அப்படிக் கட்டும்போது பிஸ்டன்களைத் தாங்கும் நான்கு ராடுகளும் ஒரே எடையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் தன்னைத்தானே உதறி உடைத்துக்கொள்ளும்.

நிறுக்கும் வேலை என்னுடையது. சிவகாசியில் ரசாயனக் கடை வைத்திருக்கும் நண்பரிடம் தராசு வாங்கி வந்தேன். முதலில் கிடைத்த மூன்று ராடுகளில் லேசானதன் அளவுக்கு மற்ற இரண்டையும் நான்கு நாள் அரத்தால் ராவினேன். தேதி, நேரம், கிராம்... எல்லாம் என் குறிப்பேட்டில் குறித்தேன்.

நான்காவது ராடு வியாழக்கிழமை வந்தது. முப்பது கிராம் குறைவு! மூன்றையும் மறுபடி ராவ வேண்டும். குறிப்பேட்டில் எழுதியதை அடிக்க வேண்டும்... இருபது ஆண்டுகளாக அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவனாம் நான்! என்ன திமிர்! மற்ற மூன்றின் எண்ணையே இதற்கும் எழுதினேன்.

"நாலும் சமந்தான அண்ணாச்சி?" என்று கேட்டார் கருப்பசாமி.

"சமம்."

"நீங்க எழுதிட்டா அப்புறம் என்ன? கண்ண மூடிட்டு மாட்டிருவேன்."

ஓட்டிய முதல் நாளே கார் நடுங்கியது. மூன்றாம் வாரம் ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில், நான்காவதல்ல, வேறொரு ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்தது. அத்தான் பட்டறை வாசலில் நின்று கத்தினார்.

"ஏலே, ஒன் மண்டைல இருக்கது மூளையா, புஸ்வாண மருந்தாலே?"

"அண்ணாச்சி நிறுத்துத்தான குடுத்தாக..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குறிப்பேட்டைத் திறந்து நீட்டினேன்.

"பாருலே, எழுத்துல இருக்கு! எல்லாம் ஒன் கைவேலதான்" என்றார் அத்தான்.

எழுத்தில் இருந்தால் உண்மையா? இப்படி நம்புகிற உங்கள்மேலும்தான் எனக்கு ஆத்திரம்! மீதி ராடுகளைத் தராசில் வையுங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே... பாருங்கள், கேட்காதவர்கள்மேல் பழி போடுகிறேன். வாய் இருந்தும் மூடிக்கொண்டு நின்றவன் யார்?

கருப்பசாமி இப்போது எஞ்சினைப் பிரிப்பதில்லை. ஆயில் மாற்றுகிறார், பஞ்சர் ஒட்டுகிறார். போன வாரம் என்னை நிறுத்திக் கேட்டார்.

"மனசு ஆறல அண்ணாச்சி. ஒங்க நோட்டப் பாத்துச் சொல்லுங்க, நான் எங்கன தப்புப் பண்ணுனேன்?"

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம்! நானோ பக்கங்களைப் புரட்டினேன், தேடுகிறவனைப் போல.

"மூணாவது போல்ட்ட நீ சரியா இறுக்கலன்னு நினைக்கேன், கருப்பசாமி."

அவர் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார்.