பாட்டு நின்றால் பில் கேட்பார்கள்

என் மகள் பாரில் பாடப் போகிறாள் என்று தெரிந்ததும் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாததால் எல்லாவற்றையும் நானே பேசவேண்டியதாயிற்று. குடித்தவன் கையைப் பிடித்து இழுத்தால்? வண்டியைத் தவற விட்டால்? கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் வழியில் ஏழு விளக்குக் கம்பங்கள், எரிவது மூன்று. அதற்கு என்ன சொல்கிறாய்?

"நீயும் கூட வாப்பா. அங்க வந்து எதையாச்சும் எண்ணிக்கினு உக்காரு," என்றாள் மகள்.

சொல்லக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருட்டாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நட்டு, போல்ட்டு, பேரிங் என்று எண்ணியே காலம் போனது. இப்போது மாடிப்படி, இட்லி, கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் எல்லாவற்றையும் எண்ணுகிறேன். எண்ணாவிட்டால் ஏதோ காணாமல் போகும் என்று தோன்றும்.

மகள் கல்யாண ரிசப்ஷன்களில் பாடிக்கொண்டிருந்தாள். முகூர்த்த மாதங்களில் அவளைப் பிடிக்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கூப்பிட ஆளில்லை. குக்கர் விசிலுக்குச் சுருதி சேர்த்துப் பாடியபடி வீட்டுக்குள்ளேயே நடப்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும். அந்தச் சமயத்தில் எழும்பூர் பக்கம் ஓர் ஓட்டல் பாரில் வெள்ளிக்கிழமைதோறும் பாட ஆள் தேடினார்கள். ஆடி, மார்கழி பார்க்காத வேலை. ஒரு நாள் பாடிக் காட்ட வேண்டும், பிடித்தால் வாராவாரம். சென்னையில் பாண்டும் டிஜேவும் பார்களுக்குள் பரவிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

மேடைக்குப் பக்கத்தில், தூணோரமாக எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். லெமன் சோடா கொடுத்தார்கள். மேஜைகள் பதினான்கு. அவசரத்துக்கு ஓட வழி இரண்டு. யாரும் யாரையும் இழுக்கவில்லை. ஆபீஸ் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாத பையன்கள், ஓசையில்லாமல் குடிக்கும் பெரியவர்கள்.

மகள் பாடத் தொடங்கினாள். அங்கே ஏற்கெனவே இருந்த கீபோர்டு, கிதார், டிரம்ஸ் மூவரும் நன்றாகவே ஈடு கொடுத்தார்கள். முதல் பாட்டு முடிந்தது. ரிசப்ஷனில் செய்வதுபோலக் கைகூப்பி, கைதட்டலுக்காக நின்றாள். கல்யாண மண்டபத்தில் தட்டுவார்கள். இங்கே எல்லார் கையிலும் கிளாஸ். "அடுத்த பாடல்..." என்று அறிவித்து, தொண்டையைச் செருமி, அவள் மறுபடி தொடங்கும்வரை எண்ணினேன். ஒன்பது விநாடி. அதற்குள் பக்கத்து மேஜைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, காற்றில் விரலால் எழுதிக் காட்டிப் பில் கேட்டுவிட்டார். அடுத்த பாட்டு முடிந்தபோது இன்னொரு மேஜை. எங்கள் ஆலையிலும் இப்படித்தான். மிஷின் ஓடும்வரை யாரும் நிமிரமாட்டார்கள். நின்றதும் எல்லாத் தலையும் உயரும்.

இடைவேளையில் மேனேஜர் வந்தார்.

"வாய்ஸ் சூப்பர் மேடம். ஆனா பாட்டு நின்னா பில்லு கேட்டுர்றாங்க. நாலு டேபிள் போச்சு. செகண்ட் செட் பாருங்க... அப்புறம் பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' எனக்குத் தெரியும். ஆலையில் கேட்டிருக்கிறேன்.

"இன்னாப்பா தப்பா பாடினேன்?" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"பாட்டுல தப்பில்லம்மா. நடுவுல ஒன்பது விநாடி."

முறைத்தாள்.

அடுத்த அரைமணி நேரம் டிஜேவுடையது. எங்களுக்கு எதிரே ஒரு பையன், ஒரு காதில் மட்டும் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, இரண்டு சிடி ஓடும் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றான். நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா நைனா, காதுல பஞ்சு? எட்துரு. இது காதுக்கில்ல, நெஞ்சுக்கு."

"நான் உருட்டாலையில வேலை பார்த்தவன்பா."

"அப்போ உனுக்கு இது தாலாட்டு!"

தாலாட்டு இல்லை. முதல் அடியிலேயே சோடாவில் வளையம் வளையமாக அலை எழுந்தது. அதிர்வு நாற்காலியின் கால் வழியே ஏறி என் முதுகெலும்பில் நின்றது. ஆலையின் இரைச்சலும் தரையை நடுக்கும்; ஆனால் அதற்கு ஒழுங்கு கிடையாது. இது மூச்சுபோல வந்து வந்து போனது. ஒரு பாட்டு எங்கே முடிகிறது என்று கவனித்தேன். முடியவே இல்லை. இன்னொரு பாட்டு அதற்கு அடியில் எப்போதோ வந்து நின்றிருந்தது. முதல் பாட்டு எப்போது விலகியது என்று தெரியவில்லை. கனத்த உடம்புக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தன்னந்தனியாக ஆடினார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருவர்கூடப் பில் கேட்கவில்லை. நான் பஞ்சை எடுத்துவிட்டேன்.

மகள் அந்தப் பையனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து போய் கீபோர்டுக்காரரின் காதில் ஏதோ சொன்னாள். அவர் டிரம்ஸ்காரரிடம் சொன்னார்.

இரண்டாவது செட்டில் அவள் கைகூப்பவில்லை. பாட்டின் கடைசி வரியை இழுத்துப் பிடித்தாள். டிரம்ஸ் நிற்கவில்லை. கீபோர்டு மெல்ல அடுத்த பாட்டின் பக்கம் திரும்பியது. அந்த இழுவையிலிருந்தே அடுத்த பாட்டுக்குள் இறங்கிவிட்டாள். ஓரிடத்தில் கிதார்காரர் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டார். அவள் வெறும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள். அவர் வந்து சேரும்வரை அந்த முனகலிலேயே அறையை நிறுத்தி வைத்தாள். என் வீட்டில் குக்கரோடு பாடியவளா இவள்! போன மேஜைகளில் புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு ஏந்திய வெயிட்டர் நடுவழியில் நின்றுவிட்டார். டிஜே பையன் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

எந்த விரலும் காற்றில் எழுதவில்லை.

கிளம்பும்போது மேனேஜர் வாசல்வரை வந்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை ஆறரைக்கே வந்துருங்க மேடம். அப்பாவுக்கும் சேர் போட்டுர்றேன்."

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோரம் கிடைத்தது. வண்டி கொருக்குப்பேட்டையைத் தாண்டியது. அவள் கேட்டாள்:

"ரெண்டாவது செட்டுல எத்தினி பாட்டுப்பா பாடினேன்?"

யோசித்துப் பார்த்தேன்.

"தெரியலம்மா."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.