சர்வருக்குப் பத்திரிகை வைக்காத கல்யாணம்

மகள் பிறந்ததும் நான் விட்டுவந்த வேலை, ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் இருந்தது. பாஸ்வேர்டு மறந்தவர்கள், வைஃபை கிடைக்காதவர்கள், பிரிண்டரோடு சண்டை போட்ட பேராசிரியர்கள் எல்லோரும் கடைசியில் என் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். இப்போது திருவொற்றியூர் வீட்டில், கன்டெய்னர் லாரிச் சத்தத்துக்கு மகள் விழித்துவிடுவாளோ என்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கையில், அந்தக் கூச்சல் காதுக்கு வேண்டும்போல் இருக்கிறது.

நான் மாசமாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை, எண்ணூரிலிருந்து ஒரு மாணவி வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு பளபளவென்று புதிதாக இருந்தது.

"அக்கா, பேஜாரா கீதுக்கா. மத்தியானம் ஆன்லைன் பரீட்சை. கம்ப்யூட்டரு உள்ளயே வுட மாட்டேங்குது."

பார்த்தேன். கல்யாணமான கையோடு, தன் கணக்கில் அப்பாவின் இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவருடையதைப் போட்டிருக்கிறாள். தேர்வுப் பட்டியலில் இருப்பதோ பழையது. இரண்டும் ஒத்துப்போகாததால், இப்படி ஒரு மாணவி இல்லை என்றது திரை.

பக்கத்து நாற்காலியில் இருந்த சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டிருப்ப. சர்வருக்குப் பத்திரிகை வெச்சியாம்மா?"

"வூட்டுக்காரரு சந்தோசப்படுவாருன்னு போட்டேண்ணா. அவரு பாக்கக்கூட இல்ல." சிரித்தவள் உடனே கண்ணைத் துடைத்தாள். "இந்தப் பேப்பரு போச்சுன்னா அடுத்த வருசம்தான்க்கா. வேலைக்குக் கூப்ட்டவங்க அதுவரைக்கும் நிப்பாங்களா?"

மாணவர்கள் தாங்களாக ஒருமுறைதான் மாற்றலாம்; அதன்பின் பெயரில் எதை மாற்றினாலும் துறையிலிருந்து கடிதம் வேண்டும் என்பது விதி. துறைக்குப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். பழைய இனிஷியலைத் திருப்பிப் போடுவதும் மாற்றம்தானா? திங்கட்கிழமை யாராவது, "உன்னை யார் செய்யச் சொன்னது?" என்று கேட்டால்?

"மாத்துனது அந்தப் பொண்ணு. நீ இருந்ததை இருந்தபடி வைக்கிற, அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

வைத்தேன். பக்கம் திறந்தது. அவள் தேர்வுக் கூடத்துக்கு ஓடினாள்.

அதன்பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. பரீட்சை நடுவில் கம்ப்யூட்டர் அவளை வெளியே தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று அவள் கணக்கைத் திறந்து திறந்து பார்த்தேன்.

"ஏம்மா, வயித்துல இருக்கிற புள்ளையும் அவகூட சேர்ந்து பரீட்சை எழுதுதா? சாப்பிடு" என்று அண்ணன் என் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தார்.

சாயங்காலம் ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. "எயுதிட்டேன்க்கா!"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் கடமை விடவில்லை. "திங்கட்கிழமை துறையில கடிதம் வாங்கிட்டு வா. உன் வீட்டுக்காரர் இனிஷியலை முறையா மாத்தித் தர்றேன்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ரிசல்ட்டு வரட்டும்க்கா. அதுவரிக்கும் எங்கப்பாவே இருந்துட்டுப் போட்டும்."