அக்காவுக்கு ஒரு ஸ்பூன் சத்தம்

என் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அரைநாள் வேலை பார்க்கிறாள். மீதி அரைநாள் கணிதத்தில் முதுகலைப் படிப்பு. அவள் துடைத்துக் கொடுத்த கண்ணாடியில் தூசி இருந்ததாக இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அவள் துடைத்து முடிப்பதற்குள் நின்று நின்று கால் வலிக்கிறது என்பதுதான் வாடிக்கையாளர்களின் குறை.

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, பெட்டியும் கையுமாக அவள் வீட்டுக் கூடத்தில் வந்து விழுந்தபோது அவளுக்கு அளவைக் கோட்பாடு என்ற கணிதப் பாடத்தில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை கோட்டைவிட்டாயிற்று. இது இரண்டாவது வாய்ப்பு. இதுவும் போனால் படிப்பை மூட்டை கட்டவேண்டியதுதான்.

"தெரியாம ஃபெயில் ஆனாக்கூட மனசு ஆறும்," என்றார் அத்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். "இவ எல்லாம் தெரிஞ்சு ஃபெயில் ஆனா. ஒரு மணி நேரம் குடுத்தாங்க. முதல் வரியிலயே நின்னுட்டா. சில லிஃப்ட்டு கதவை மூடும், திறக்கும், மூடும், திறக்கும், மேல மட்டும் போகாது பாரு, அந்தக் கதைதான்."

"முதல் வரி தப்பா இருந்தா மிச்சம் எல்லாமே தப்புங்க," என்றாள் அக்கா, ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தபடி.

இதில் வேடிக்கை, அவள் நிரூபிக்கவேண்டிய தேற்றமே விட்டுக்கொடுப்பதைப் பற்றியது. சார்புகள் வரிசையாக ஓர் எல்லையை நோக்கிப் போகின்றன. ஓர் இடத்தில் வேகமாக, இன்னோர் இடத்தில் ஆமை வேகத்தில். அடம்பிடிக்கிற சின்னப் பகுதி ஒன்றை மட்டும் வெட்டித் தூக்கிப் போட்டால், மிச்ச இடம் முழுவதும் சேர்ந்தாற்போல் எல்லையை நெருங்கும். இதை அழகாக நிரூபிக்கத் தெரிந்த என் அக்காவால் ஒரு கிழிந்த பையைத் தூக்கிப் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகை. ஃப்ரிட்ஜ் கதவுதான் கரும்பலகை. அத்தானும் நானும் தேர்வாளர்கள். மார்க்கரைத் திறந்து அக்கா தொண்டையைச் செருமினாள்.

"ஒரு செட் எடுத்துக்கறேன். அது காலி செட்டா இருந்தா..."

"காலியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நீ மேல போ," என்றார் அத்தான்.

"சரி. மொத்த இடத்தோட அளவு முடிவுள்ளதா இருக்கணும். இல்லைன்னா, அதை முடிவுள்ள துண்டுகளா வெட்ட முடியுமான்னு பார்க்கணும். வெட்டினா அந்தத் துண்டு ஒவ்வொண்ணும்..."

அத்தான் ஸ்பூனை எடுத்துத் தம்ளரில் தட்டினார். டிங்!

"இது என்னங்க?"

"நீ பக்கத்துச் சந்துக்குள்ள திரும்புற ஒவ்வொரு தடவையும் இந்தச் சத்தம் வரும். கேட்ட உடனே நேர் ரோட்டுக்கு வந்துடணும்."

முதலில் முறைத்தாள். அப்புறம் பழகிவிட்டாள். சமைத்துக்கொண்டே ஒப்பிப்பாள், மாடிப்படி ஏறிக்கொண்டே ஒப்பிப்பாள். அத்தான் போகுமிடமெல்லாம் ஸ்பூனும் போனது. ஸ்பூன் சிக்காத நேரத்தில் அத்தான் எதையாவது எதிலாவது தட்டினாலும் போதும் என்றாகிவிட்டது. நாளாக ஆக நிரூபணம் இளைத்து, அரைமணி நேரத்துக்குள் அடங்கியது. "டிங்" கேட்ட இடங்களையெல்லாம் அவள் தாண்டிக் குதிக்கக் கற்றுக்கொண்டாள்.

வைவா அன்று அத்தானுக்கு எங்கோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. துணைக்கு நான் போனேன். சுவரோரம் நீள பெஞ்சு, எதிரே தேர்வு அறையின் மூடிய கதவு. கொடுத்த ஒரு மணி நேரம் முடிவதற்கு முன்பாகவே கதவு திறந்தது. அக்கா முகம் மலர வந்தாள்.

"முடிச்சுட்டேன்டி! கடைசி வரி வரைக்கும். கீழ கோடுகூடப் போட்டேன். கொஞ்ச நேரம் வெளிய இருங்க, பேசிட்டுக் கூப்பிடறோம்னாங்க."

என் எவர்சில்வர் பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தவள், பாதி மடக்கில் நிறுத்திவிட்டாள்.

"மொத்த அளவு," என்றாள்.

"என்னக்கா?"

"அது முடிவுள்ளதா இருக்கணும்னு நான் சொல்லவே இல்லடி. உங்க அத்தான் ஸ்பூன்! அந்த வரி வந்தாலே அவர் தட்டுவாரில்ல, அதனால வரியே மறந்துபோச்சு."

"அது அவ்வளவு முக்கியமா?"

"அது இல்லைன்னா தேற்றமே பொய். கேளு. முடிவில்லாத ஒரு கோடு. அதுல உன்னை மாதிரி ஒரு மேடு."

"என்னை ஏன் இழுக்கற?"

"ஓடிக்கிட்டே இருக்கு. எந்த இடத்துல நின்னு பார்த்தாலும், வரும், போயிடும், அப்புறம் அங்க வெறும் பூஜ்யம்தான். ஆனா எவ்வளவு தூரம் போனாலும் அது இளைக்கிறதே இல்லை. எந்தச் சின்னத் துண்டை வெட்டினாலும் அதை அடக்க முடியாது. வெட்டுன இடத்துக்கு வெளிய வந்து நின்னு சிரிக்கும்."

"அவங்க கவனிச்சிருக்க மாட்டாங்க. பேசாம உட்காருக்கா. படிப்பே போயிடும்."

"நான் கவனிச்சுட்டேனே," என்று எழுந்தாள். கண்ணாடியில் ஒரு தூசியைப் பார்த்துவிட்டால் வரும் முகம் அது. அதற்கு மேல் யார் பேச்சும் எடுபடாது. கதவைத் தட்டினாள்.

பேராசிரியை கதவைத் திறந்தார். பின்னால், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நான் தேற்றத்தையே தப்பாச் சொல்லிட்டேன். மொத்த அளவு முடிவுள்ளதா இருக்கணும்."

"அதைத்தான் பேசிட்டிருந்தோம்," என்றார் பேராசிரியை. "தேற்றத்தையே தப்பாச் சொன்னவங்களை எப்படி பாஸ் போடறதுன்னு இவர் கேக்கறாரு. எனக்கும் பதில் தெரியலை. அது இல்லாட்டி என்ன ஆகும்? உள்ள வந்து காட்டுங்க."

கதவு திறந்தே கிடந்தது. அக்கா பலகையில் கோடு இழுத்தாள். அதில் என்னை ஓடவிட்டாள். நிரூபணத்தில் அந்த நிபந்தனை எந்த வரியில் வந்து உட்காரவேண்டுமோ, அங்கே ஒரு வட்டம் போட்டாள். தேர்வாளரின் முகம் இளகியது. "சரிங்க, எனக்குத் திருப்தி. பாஸ்," என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்," என்றாள் அக்கா. "மொத்த அளவு முடிவில்லாம இருந்தாலும், முடிவுள்ள துண்டுகளா வெட்ட முடியும்னா, அந்தத் துண்டு ஒவ்வொண்ணுலயும்..."

பேனா அந்தரத்தில் நின்றது. கையில் இருந்தது வீட்டுச் சாவியும் பாட்டிலும்தான். தட்டினேன்.

டிங்!

அக்கா மார்க்கரை மூடிவைத்தாள். "அவ்வளவுதான் சார்," என்றாள்.

"அது என்ன சத்தம்?" என்று பேராசிரியை திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் மேடம்," என்றாள் அக்கா.

பேராசிரியை கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பெஞ்சில் நான் மட்டும் சாவியும் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய், தேர்வாளர் கையெழுத்துப் போட்ட தாளில் அவரும் கையெழுத்துப் போட்டார்.