ரசம் குடித்தால்தான் சோறு

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பிறகு, அவர்கள் வீட்டுக் குசினியில் வேலை பார்த்த ஒருவர் எங்கள் மில் கேண்டீனுக்குச் சமையல்காரராக வந்தார். கேண்டீன் மேற்பார்வை என்னுடையது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது. அது போய்விடுமோ என்ற பயத்தோடுதான் தினமும் சாரம் கிராமத்திலிருந்து சைக்கிள் மிதிப்பேன்.

அவர் சமையலில் ஒரு குறை சொல்ல முடியாது. சிக்கல் பரிமாறுவதில்தான். முதலில் ரசம். டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எல்லாரும் குடித்து முடிக்கும்வரை சோற்றுக் குண்டானுக்கு முன்னால் கரண்டியோடு நிற்பார். அப்புறம்தான் சோறு, குழம்பு எல்லாம். சாப்பாட்டு நேரமோ அரை மணி. குழாயடி வரிசையில் கை கழுவவே அதில் ஒரு பங்கு போய்விடும். கொதிக்கிற ரசத்தை ஊதி ஊதிக் குடித்துவிட்டுச் சோற்றில் கை வைத்தால் சங்கு ஊதிவிடும். பாதிச் சோற்றோடு எழுந்து தறிக்கு ஓடுவார்கள்.

தவளக்குப்பத்துப் பக்கமிருந்து ஒரு தறிக்காரர் வருவார். காலையில் தன் நிலத்தில் வேலை பார்த்துவிட்டு மில்லுக்கு வருகிறவர், பசி பொறுக்க மாட்டார். ஒருநாள் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "பெருசு, எங்க ஊர்ல காச்சக்காரனுக்குத்தான் மொதல்ல ரசம் குடுப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சமையல்காரர் சிரிக்கவில்லை. அன்று அந்த ஆளுக்குச் சோறும் போடவில்லை.

தறிக்காரர்கள் சேர்ந்து மானேஜரிடம் போனார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, நாளைக்குள் இதைச் சரிப்படுத்து, இல்லாவிட்டால் உங்கள் இரண்டு பேருக்குமே இங்கே வேலை இல்லை என்றார்.

அடுப்படிக்குப் போய்க் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

"தம்பி, வெள்ளக்கார முசே வீட்டு மேசையில எல்லாத்தையும் ஒண்ணா கொட்டுனதே இல்ல. ஒண்ணு முடிஞ்சாத்தான் ஒண்ணு. இவங்க மட்டும் கொறஞ்சவங்களா? மாட்டுத் தொட்டியில கொட்டற மாதிரி கொட்டச் சொல்றியா?"

ஆட்களை மதிக்காமல்தான் இப்படிச் செய்கிறார் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ரசத்தைக் குழாயடி வரிசையிலேயே கொடுத்துவிடலாமே என்றேன். நின்றுகொண்டு சூப் குடிப்பது என்ன பழக்கம் என்றார். பசியோடு எழுந்து ஓடுவது மட்டும் என்ன பழக்கம் என்று கேட்க வாய்வரை வந்தது, தைரியம் வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஒன் வேலையும் போயிடுமா?"

"ஆமாண்ணே."

அவர் மறுபடி வெங்காயத்தை அரிய ஆரம்பித்தார்.

மறுநாள் சங்கு ஊதுமுன்பே குழாய்க்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் ரசக் குண்டான். வெளுத்த துண்டை முன்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவரே ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். குழாயை எட்டுமுன் டம்ளர் காலியாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்ததும் சோறு வந்தது. மானேஜர் வாசலில் வந்து நின்று பார்த்து, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் மூச்சுவிடுவதற்குள், வரிசைக் கடைசியில் நின்ற அந்தத் தவளக்குப்பத்துக்காரர் காலி டம்ளரை நீட்டினார். "இன்னொரு வாய் ஊத்து பெருசு."

சமையல்காரர் குண்டானை மூடினார். "ரெண்டாந்தரம் கேக்கறது மரியாத இல்ல."

தறிக்காரர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செரி. அப்ப நாளைக்கு டம்ளரையாவது பெருசா வையி."

மறுநாள் முக்காலிக்குப் பக்கத்தில் பெரிய டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன.