முதலில் எந்தப் பாகம்

ஆஸ்பத்திரியில் பழைய நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு இருபத்து மூன்று வருஷமாக அவர்தான் பொறுப்பு. அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘வரிசை’. நாமும் மரியாதைக்கு வரிசையார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதாயிரம் ஃபைலில் எதைக் கேட்டாலும் ஏணியில் ஏறி ஒரே கையில் உருவிக் கொடுப்பார். ஆனால் ஒரு ஃபைலுக்குள் மூன்றாம் தாள் முதல் தாளுக்கு முன்னால் இருந்துவிட்டால் அன்று முழுக்க அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. வீட்டிலும் இதே கதைதான். துணிக்கொடியில் சட்டைகள் உயரப்படி தொங்கும். சினிமா தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகிவிட்டால், வாங்கிய டிக்கெட்டோடு வாசலிலிருந்தே திரும்பிவிடுவார்.

அவர் மனைவிக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பகலெல்லாம் முகம் தெரியாதவர்களின் வாய்க்கு மெழுகில் பல் பதித்துவிட்டு, சாயங்காலம் வந்ததும் காபியோடு டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆடுவார். டப்டப்பென்று சுட்டுவிட்டுப் போகிற கேம் இல்லை. நாமே கதைக்குள் ஓர் ஆளாகி, துணைக்கு நாலு பேரைச் சேர்த்து, அவர்களுக்கு உடுப்பும் ஆயுதமும் பார்த்துப் பார்த்துக் கொடுத்து, மாதக்கணக்கில் காடு மலையெல்லாம் அலைகிற வகை. அந்த வரிசையில் மொத்தம் ஏழு பாகம். ஏழையும் தனியாகவே ஆடி முடித்தவர் அவர்.

அந்தத் தனிமையில்தான் ஒரு குறை. ஏழு வருஷத்துக்கு முன்னால், முதல் பாகத்தின் முடிவுக்குச் சற்று முன்பு, யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மனைவிக்குக் கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவிவிட்டது. யாரிடமாவது சொல்லியே தீரவேண்டும் என்று திரும்பிப் பார்த்தால் அறையில் ஆள் இல்லை. மகள் டியூஷனில் இருந்தாள். பின்கட்டுக்கு ஓடி, சட்டைகளை உயரப்படி மாட்டிக்கொண்டிருந்த கணவரிடம், “ஏங்க, என்ன ஆச்சு தெரியுமா?” என்றார். “கிளிப்பு ரெண்டு குறையுது, எங்க போச்சு?” என்றார் வரிசையார். பேச்சு அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து மனைவிக்கு ஓர் ஆசை. இந்த வீட்டில் யாராவது ஒருவர், ஒன்றும் தெரியாமல் அந்த இடத்துக்கு வந்து சேரவேண்டும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். அவனவன் மாடி வீடு கேட்கிறான், கார் கேட்கிறான். இவர் கேட்டது ஒரு திடுக்கிட்ட முகம். மகளை நம்பியிருந்தார். அவளோ இரண்டு நாள் ஆடிப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். இந்த வருஷம் வேறு ஊரில் கல்லூரிக்கும் போய்விட்டாள்.

மகள் போனதும் வீடு ஓவென்று கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையார், அடுக்குவதற்கு வீட்டில் எதுவும் மிச்சமில்லாமல், டிவி பக்கம் வந்து நின்றார்.

“நானும் ஆடிப் பார்க்கட்டுமா?”

ஏழு வருஷமாக மனைவி காத்திருந்த கேள்வி. வெளியே காட்டிக்கொள்ளாமல், “உட்காருங்க” என்றார்.

“எதுல ஆரம்பிக்கணும்?”

“ஒண்ணுல.”

“கதையில முதல்ல நடக்கிறது ஒண்ணுதானா?”

இங்கேதான் மனைவி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். “இல்ல, அஞ்சாவதுதான் முதல்ல நடக்குது. ஆனா...”

“அப்ப அஞ்சுல ஆரம்பிக்கிறதுதானே முறை?”

“வேண்டாம். ஒண்ணுலயே ஆரம்பிங்க.”

“ஏன்?”

“ஏன்னு சொல்ல முடியாது.”

காரணத்தைச் சொன்னால் ரகசியத்தையே சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் வரிசையார் அசையமாட்டார். காரணம் எழுதாத சீட்டுக்கு டீனே வந்து நின்றாலும் ஃபைல் தராத மனிதர் அவர். விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டன் வாய்த்த கதைதான். கேம் அன்று தொடங்கவில்லை.

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியில் விசாரணை. எக்ஸ்ரே எடுப்பவர், ஐந்து, ஒன்று, இரண்டு என்று போகச் சொன்னார். லிஃப்ட் இயக்குபவர், ஒன்று, இரண்டு ஆடிவிட்டு நடுவில் ஐந்துக்குப் போய்த் திரும்பி வருவதுதான் சுவை என்றார். ரத்தப் பரிசோதனைக்காரம்மா, “மூணாவது சுமார் சார், அதை விட்டுடுங்க” என்றார். ஒரு பாகத்தையே விடுவதா! வரிசையாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. போதாக்குறைக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் குட்டியாக ஒரு கிளைக்கதை இருந்தது. ஆடுகிறவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஒன்றரை’. முதல் பாகத்தைப் படமெல்லாம் மெருகேற்றி மறுபடியும் வேறு வெளியிட்டிருந்தார்கள். அது ஒன்றா, எட்டா? இந்த ஒரு கேள்விக்கே நாலு நாள் போயிற்று. மூன்று வாரம் ஆகியும் அவர் ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை.

“நீங்க வரிசை போட்டு முடிக்கிறதுக்குள்ள எட்டாவது பாகம் வந்துடும்” என்றார் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, “தயவுசெஞ்சு யார்கிட்டயும் கதையை மட்டும் கேட்டுடாதீங்க” என்றார்.

கேட்கக்கூடாது என்றுதான் சொன்னார். படிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. அப்படித்தான் வரிசையார் புரிந்துகொண்டார். மதிய இடைவேளையில், ஃபைல் அறை ஏணியின் மூன்றாம் படியில் உட்கார்ந்து, ஐந்தாம் பாகம் எந்த வருஷத்தில் நடக்கிறது என்று செல்போனில் தேடினார். யாரோ ஒரு புண்ணியவான் ஆண்டுவாரியாக எழுதி வைத்திருந்தான். முதல் வரியே இப்படி இருந்தது: ஐந்தாம் பாகத்தில் வருகிற அநாதைச் சிறுமிதான் முதல் பாகத்தில் நாயகனோடு கடைசிவரை வரும் வைத்தியச்சி, நாயகனின் ஊரை எரித்தவளும் அவளே.

வரிசையார் செல்போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். மனைவி ஏன் காரணம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போனதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வீட்டுக்குப் போனார். அங்கே மனைவி அவருக்காக ஒரு நாற்காலி போட்டு, முதுகுக்குத் தலையணையும் வைத்திருந்தார். வரிசையார் சொல்ல வந்ததை மென்று விழுங்கினார்.

“சரி, ஒண்ணுலயே ஆரம்பிக்கலாம்” என்றார்.

மனைவியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது இந்தப் பொய்யை எப்பாடுபட்டாவது காப்பாற்றவேண்டும் என்று முடிவு செய்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

மூன்று மாதம் தினமும் ஆடினார்கள். இரண்டாம் வாரம் அந்த வைத்தியச்சி கூட்டத்தில் வந்து சேர்ந்தாள். நல்ல பெண், காயம் பட்டால் ஓடிவந்து கட்டுப் போடுவாள். வரிசையார் முதல் வேலையாக அவள் இடுப்புக் கத்தியை வாங்கிக்கொண்டார். அடுத்த ஊரில் கவசத்தைக் கழற்றினார். தாயத்து, மோதிரம், நல்ல செருப்பு எல்லாம் ஒவ்வொன்றாக மற்றவர்களுக்குப் போயிற்று. ஊரை எரித்தவள் என்று தெரிந்தும் கையில் கத்தியைக் கொடுத்து வைத்திருக்க அவரென்ன பைத்தியக்காரரா?

“ஏங்க, அவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே கொடுக்க மாட்டேங்கறீங்க?”

“கட்டுப் போடறவளுக்கு எதுக்குக் கத்தி?”

மனைவி விட்டுவிட்டார். இந்த மனிதர் எதற்குத்தான் ஒரு விதி வைத்திருக்கவில்லை?

இன்னொரு பக்கம் ஒத்திகை நடந்தது. ஃபைல் அடுக்குகளுக்கு நடுவில் நின்று வாயைப் பிளந்து, கண்ணை விரித்து, நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பார். ஒருநாள் எக்ஸ்ரேக்காரர் உள்ளே வந்துவிட்டார். “பல் வலியா சார்? வீட்டுலயே ஆள் இருக்காங்களே” என்றார்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அந்த இடம் நெருங்கியதும் மனைவி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், டிவி தெரியாதபடி, கணவர் முகம் தெரியும்படி. திரையில் இசை மாறியது. வைத்தியச்சி எரிந்த ஊரைப் பார்த்தபடி நின்று, “அன்று தீ வைத்தது நான்தான்” என்றாள். வரிசையார் வாயைப் பிளந்தார். நெஞ்சில் கை வைத்தார். “இவளா? நம்ம வைத்தியச்சியா?” என்றார். நடிப்பு எடுபட்டுவிட்டது. மனைவி கண் கலங்கி, கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் அவருடைய ஏழு வருஷ ஆசை பலித்தது.

அடுத்து அவளோடு சண்டை. மனைவி அவளிடம் பதினொரு தடவை தோற்று, ஒன்பது நாள் போராடி ஜெயித்த சண்டை அது. இப்போது வானம் கறுத்தது, இடி இடித்தது, முரசு முழங்கியது. அத்தனைக்கும் நடுவில் வைத்தியச்சி வெறுங்கையோடு, பிய்ந்த செருப்போடு வந்து நின்றாள். நாயகன் இரண்டு தட்டுத் தட்டினான். விழுந்துவிட்டாள்.

முரசு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் முழங்கிக்கொண்டிருந்தது.

மனைவி மெதுவாகத் திரையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். “உங்களுக்கு முன்னாடியே தெரியும்” என்றார்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார் வரிசையார்.

“எப்பத்திலிருந்து?”

“ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. அஞ்சாவது எந்த வருஷம்னு தேடினேன். சொல்லிடலாம்னுதான் வந்தேன். நீ தலையணை எல்லாம் வச்சிருந்தே.”

மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது; பிய்ந்த செருப்பை நினைத்து நினைத்துச் சிரித்தார். அது அடங்கியதும் அழுகை மட்டும் மிஞ்சியது.

“ஏழு வருஷம்ங்க. அன்னைக்கு இதைச் சொல்லத்தான் பின்கட்டுக்கு ஓடி வந்தேன். நீங்க கிளிப்பு எங்கன்னு கேட்டீங்க.”

வரிசையாருக்கு அந்த நாள் நினைவில்லை. நினைவில்லை என்பதே அவருக்கு வலித்தது. நாற்பதாயிரம் ஃபைல் இருக்கும் இடம் தெரிந்தவருக்கு இது ஒன்று தெரியவில்லை. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிப் போட்டார்.

“இப்பச் சொல்லு. அன்னைக்கு என்ன ஆச்சு?”

“அதான் பார்த்தீங்களே.”

“நான் எங்க பார்த்தேன், ரெண்டு தட்டுல முடிஞ்சுடுச்சு. நீ சொல்லு.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒன்பதாம் நாள் ஜெயித்ததை முதலில் சொன்னார். அங்கிருந்து கன்ட்ரோலர் நழுவியதற்குப் போனார். நடுவில் வைத்தியச்சிக்குத் தான் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த கவசம் வந்தது. அதே கவசத்தோடு அவள் எதிரே வந்து நின்றபோது அடிக்கக் கை வரவில்லை என்றார். பிறகு திடீரென்று நாலாம் நாளுக்கு வந்து, அதைப் பாதியில் விட்டு முதல் நாளுக்குத் தாவினார். ஒன்றரை மணி நேரம் கதை முன்னும் பின்னுமாகப் போயிற்று. வரிசையார் ஒரு தடவைகூட, “இரு, இது எதுக்கு அப்புறம்?” என்று கேட்கவில்லை.